ஒன்பது பாட்டுக்கு ஒரு காது

சென்னை,
12 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

ஸ்வேதா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். மலைமேல் கவுஞ்சியில் நீ, மச்சான், அத்தை, நான்கு மாதப் பாப்பா எல்லோரும் நலமா? பாப்பா குப்புற விழுந்துவிட்டாளா?

இந்தக் காலத்தில் கடிதமா என்று போஸ்ட் ஆபீஸில் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வேறு என்ன செய்ய? போன வாரம் நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் “அலோ, அலோ” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாட்டு ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால் மெமரி கார்டில் ஏற்றி, பஞ்சில் சுற்றி, வரிகளைத் தனித்தாளில் எழுதி இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டேன். என் சொந்தப் பாட்டுகள் ஒன்பதை ஒரே ஆல்பமாக வெளியிடப் போகிறேன். கல்யாண வீடுகளில் சினிமாப் பாட்டுப் பாடிப் பாடி என் குரல் யாருடையது என்றே மறந்துபோயிற்று. ஒலிப்பதிவு செய்வது ஹபீப். நான் கொடைக்கானல் ஹாஸ்டலில் இருந்தபோது பஜாரில் கம்பளிக் கடை வைத்திருந்தாரே சேக் பரீது பாய், அவருடைய மகன். இங்கே ஒரு மொட்டை மாடி அறையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். பிப்ரவரியில் வெளியிடலாம் என்கிறான்.

உன்னிடம் கேட்பது ஒன்றுதான். பழனியில் அப்பா கடையில் பஞ்சாமிர்த டப்பாவுக்கு மூடி போட்டுக்கொண்டே நீ மெட்டு முனகுவாய், நான் சொல் வைப்பேன். கிட்டாரில் ஒரு கம்பி மயிரிழை இறங்கியிருந்தாலும் அடுத்த அறையிலிருந்து “ஏய், மூணாவது கம்பியைப் பாரு” என்று கத்துவாய். அந்தக் காது சரி என்று சொல்லாமல் ஒரு பாட்டும் ஆல்பத்துக்குள் போகாது. இது நான் எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம்.

இத்துடன் வருவது தாண்டிக்குடி மலைப்பாதையில் ஓடும் ஜீப்பைப் பற்றிய பாட்டு. கேட்டுச் சொல். உங்கள் ஊரை வைத்தும் ஒன்று எழுத ஆசை. விடிந்ததிலிருந்து அங்கே என்னென்ன சத்தம் கேட்கும் என்று எழுது.

பாப்பாவின் உள்ளங்காலில் ஒரு முத்தம்.

உன் தங்கை
ஸ்வேதா


கவுஞ்சி,
25 செப்டம்பர் 2023

பிரியமுள்ள ஸ்வேதாவுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். பாப்பா குப்புற விழுந்துவிட்டு, நிமிரத் தெரியாமல் முகம் சிவக்கிறாள். நீ வேளைக்குச் சாப்பிடு.

வேலையை விட்டதற்காகத் திட்டமாட்டேன். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். தொடங்கியதை முடித்துவிடு, அது போதும்.

போன் வேண்டாம். சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கிறது. எழுத்தென்றால் எத்தனை தடவை வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

ஜீப் பாட்டு நன்றாக இருக்கிறது. ‘வளைவுக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள், வழி விட்டு நிற்பதும் ஒரு பயணம்தான்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஊரைப் பற்றிக் கேட்டாய். வெள்ளனே எழுந்தால் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வருவது தெரியும். போர்வையை இழுத்துவிடுவதுபோல ஒவ்வொரு பாத்தியாக மூடிக்கொண்டே வரும். கேரட் பிடுங்குகிற பெண்கள் கழுத்துவரை மறைந்து, தலைத்துண்டுகள் மட்டும் வெள்ளைமேல் நகரும். கழுவிக் கொட்டிய கேரட்டின் நிறம் கண்ணைக் கூசவைக்கும். பரணில் பூண்டு கட்டித் தொங்குகிறது. அதன் வாசம் பாப்பாவின் தலைமுடியில்கூட ஏறிவிட்டது.

அத்தைக்கு என்மேல் ஒரு குறை. “என்ன புள்ள, வாயைத் தொறந்தா காத்துதான் வருது. சத்தமாப் பேசினா முத்து உதிர்ந்துருமா?” என்கிறார். சிரித்து வைக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்
தேவசேனா


சென்னை,
14 அக்டோபர் 2023

அன்பு அக்கா,

நலம். உன் கடிதம் வந்த அன்றைக்கே ஒரு பாட்டு வந்துவிட்டது. சத்தத்தை எழுது என்றால் ஒரு சத்தத்தைக்கூட எழுதவில்லை நீ, கள்ளி. அதுவே நல்லதாகப் போயிற்று. இப்படித் தொடங்குகிறது:

பள்ளம் ஏறி வருது மேகம்,
பாத்தி பாத்தியாப் போர்த்துது.
கூப்பிடு தூரந்தான் என் வீடு,
கூப்பிட்டாத்தான் கேக்கல.

ஹபீப் மூன்று நாளாக இதையே முனகுகிறான். “இது ஒண்ணு போதும் ஸ்வேதா, மத்த எட்டும் சும்மா ஃப்ரீயா வந்துரும்” என்கிறான். எனக்குத்தான் ஒரு சந்தேகம். கடைசி வரிக்கு இரண்டு மெட்டு வைத்திருக்கிறேன். ஒன்றில் குரல் மேலே ஏறி நிற்கும். இன்னொன்றில் இறங்கி, பாதியிலேயே விட்டுவிடும். இரண்டும் கார்டில் இருக்கின்றன. எது என்று மட்டும் சொல். முதலாவதா, இரண்டாவதா?

பாப்பாவின் குரலையும் பதிவு செய்து அனுப்பேன். அவள் எப்படி அழுவாள் என்றுகூட எனக்குத் தெரியாது.

எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

ஸ்வேதா


கவுஞ்சி,
6 நவம்பர் 2023

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

எல்லோரும் நலம். பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. சந்தைக்குப் போன இடத்தில் ஜீப்புக்கு ஒதுங்கும்போது பள்ளத்தில் காலை விட்டுவிட்டேன். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். பாப்பா இடுப்பில் இருந்தாள், அவளுக்கு ஒன்றும் இல்லை.

அந்த நான்கு வரியை அடுப்படிச் சுவரில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். எந்த மெட்டு என்று கேட்டாய். உன் மனதுக்கு எது பட்டதோ அதையே வை. இனிமேல் நீயே முடிவு செய்யப் பழக வேண்டும்.

பாப்பாவுக்கு முன்பல் இரண்டு முளைத்திருக்கின்றன.

அன்புடன்
தேவசேனா


சென்னை,
20 நவம்பர் 2023

அக்கா,

முழங்கால் ஆறிவிட்டதா? மஞ்சள் வைத்தாயா?

நீ எது என்று சொல்லாததில் எனக்கு வருத்தம்தான். பரவாயில்லை, பாப்பாவோடு உனக்கு ஆயிரம் சோலி கிடக்கும்.

இத்துடன் கார்டில் வரும் இந்த மூன்றாவது பாட்டை மட்டும் தட்டிக் கழிக்காதே. இது அப்பாவைப் பற்றியது. அவர் போய் இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவரை எழுத முடிந்திருக்கிறது. வரிகளைத் தாளில் எழுதப்போவதில்லை. கேட்டால்தான் புரியும். அப்பாவை என்னைவிட நன்றாகத் தெரிந்தவள் நீ ஒருத்திதான். கேட்டுவிட்டுச் சொல், அவர் இதில் இருக்கிறாரா?

காத்திருக்கும்
ஸ்வேதா


கவுஞ்சி,
3 டிசம்பர் 2023

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

நலம். இங்கே உறைபனி தொடங்கிவிட்டது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோலக் கிடக்கிறது.

அப்பா பாட்டைக் கேட்டேன். மூன்று தடவை கேட்டேன். காலையிலிருந்து காதிலேயே நிற்கிறது. மெட்டு அவ்வளவு அருமை. அப்பா இருந்திருந்தால் அழுதிருப்பார். ஒரு எழுத்தையும் மாற்றாதே, அப்படியே வை.

தங்கையை நினைத்துப் பெருமைப்படும்
தேவசேனா


சென்னை,
11 டிசம்பர் 2023

அக்கா,

நலமா என்று கேட்கவேண்டும், கேட்கிறேன்.

இன்று ஹபீப் மேசை டிராயரைச் சுத்தம் செய்தான். அப்பா பாட்டு இருந்த கார்டு அதற்குள்ளேயே கிடந்தது. உனக்கு நான் மாற்றி அனுப்பிவிட்டேன். உனக்கு வந்த கார்டில் இருப்பது ஹபீபின் மைக் டெஸ்ட். ஒன்றிலிருந்து இருபதுவரை எண்ணுகிறான், இருமுகிறான், நாற்காலியை இழுக்கிறான். பாட்டே இல்லை.

அதை மூன்று தடவை கேட்டாயா? அதுவா காதில் நிற்கிறது? அப்பா அதைக் கேட்டா அழுதிருப்பார்?

ஜீப் பாட்டையும் நீ கேட்டிருக்கமாட்டாய். தாளில் இருந்த வரியைப் படித்துவிட்டு எழுதியிருக்கிறாய். நேரமில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பொய் எதற்கு?

இனிமேல் கார்டு வராது. என் ஆல்பத்தை நான் முடித்துக்கொள்கிறேன்.

ஸ்வேதா


கவுஞ்சி,
9 ஜனவரி 2024

என் ஸ்வேதாவுக்கு,

ஒரு மாதமாக இந்தக் கடிதத்தை எழுதிக் கிழிக்கிறேன். இன்று கிழிக்கப்போவதில்லை.

எனக்குக் காது கேட்கவில்லை. பாப்பா வயிற்றில் ஏழாம் மாதமாக இருந்தபோது இடது காது மந்தமாயிற்று. பிரசவத்துக்குப் பிறகு வலதும். யாராவது பக்கத்தில் நின்று கத்தினால் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் கேட்கும். மற்றபடி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்கிறேன். போனில் உதடு இல்லையே.

நீ அனுப்பிய ஒவ்வொரு கார்டையும் போனில் போட்டேன். போனின் முதுகில் உள்ளங்கையை வைத்தால் மெல்ல அதிரும். பாட்டு ஓடுகிறது என்று தெரிந்துகொண்டு, உன் வரிகளைப் படித்தபடி நானே ஒரு மெட்டை நினைத்துக்கொள்வேன். ஹபீபின் இருமலுக்கும் அது அதிரத்தான் செய்தது.

சந்தைக்குப் போன அன்று ஜீப் எனக்குப் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வந்திருக்கிறது. டிரைவர் கடைசி நொடியில் திருப்பியதால்தான் நானும் பாப்பாவும் பிழைத்தோம். அதை உன்னிடம் மறைத்தேன்.

ஒருநாள் துணி துவைத்துவிட்டு உள்ளே வந்தேன். பாப்பா தொட்டிலில் எவ்வளவு நேரம் அழுதாளோ, முகம் நீலம் பாரித்து, கண்ணீர் காய்ந்து கிடந்தாள். நான் பத்தடி தூரத்தில்தான் இருந்தேன். அன்றிலிருந்து தொட்டிலில் ஒரு கயிறு கட்டி மறுமுனையை என் மணிக்கட்டில் முடிந்துகொள்கிறேன். அவள் புரண்டால் இழுக்கும். அத்தை கேட்டால் ஆட்டுவதற்கு என்று சொல்லிவிடுவேன்.

ஏன் சொல்லவில்லை என்பாய். அத்தைக்கு ஒரு நாத்தனார் இருந்தாராம், காது கேளாதவர். அவர் பெயர் என்ன என்று இந்த வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. செவிடி, அவ்வளவுதான். பிள்ளையை என்னிடம் கொடுக்கப் பயப்படுவார்களோ என்று எனக்குப் பயம். உன்னிடம் மறைத்த காரணம் வேறு. தெரிந்தால் பாட்டு அனுப்புவதை நிறுத்திவிடுவாய்.

இந்த உலகத்தில் எனக்குப் பளிச்சென்று கேட்பது ஒன்றே ஒன்றுதான். கேரட்டைக் கடித்தால் மண்டைக்குள் இடி இடிக்கும். அதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும்.

நீ வராதே. ஆல்பத்தை முடி.

அக்கா


சென்னை,
17 ஜனவரி 2024

அக்கா,

நான் எழுதியதையெல்லாம் மன்னித்துவிடு.

உன் கடிதத்தை ஹபீபிடம் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதே. கேரட் வரியைப் படித்ததும் அவன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். “கடிக்கிறது கேக்குதுன்னா எலும்பு வழியா சவுண்ட் உள்ளே போகுது. அப்போ உள்காது ஃபைனா இருக்கு. வழியிலதான் எங்கேயோ பிளாக். டாக்டர்கிட்ட காட்டாம ஏன் உக்காந்திருக்காங்க?” என்று என்னைத் திட்டினான்.

அடுத்த வியாழக்கிழமை காலை கொடைக்கானலிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறேன், கிட்டாரோடு. வராதே என்று எழுதாதே. எழுதினாலும் அது வந்து சேர்வதற்குள் நான் வந்துவிடுவேன்.

ஸ்வேதா


கவுஞ்சி,
20 பிப்ரவரி 2024

அன்புத் தங்கைக்கு,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்தது பற்றி மகிழ்ச்சி. நீ போனபின் நடந்ததை எழுதுகிறேன். அதற்கு முன்னால், நீ இங்கே வந்திருந்தபோது உன்னிடம் சொல்லாத ஒன்று.

கிட்டாரின் மரத்தில் தாடையை அழுத்திக்கொள் என்று நீ சைகை காட்டியபோது, எனக்காக ஏதோ செய்கிறாள், செய்துவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். நீ கம்பியைத் தொட்டாய். பல் வழியாக ஏறி நடு மண்டையில் வந்து நின்றது. வெறும் அதிர்வு இல்லை, சுரம். ஸ்வேதா, அது சுரம்! எட்டு மாதத்துக்குப் பிறகு ஒரு முழுச் சுரம். நீ இரண்டு மெட்டையும் வாசித்து முடித்தபோது நான் விரல் இரண்டைக் காட்டிவிட்டு அழுதேன் அல்லவா? மெட்டுக்காக அழவில்லை. எது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டதே, அதற்காக.

நீ பஸ் ஏறிய மறுநாள், உலைக்கு அரிசி களைந்துகொண்டிருந்த அத்தையின் முன்னால் போய் நின்றேன்.

“அத்தை, எனக்குக் காது கேக்கல. பாப்பா பொறக்குறதுக்கு முன்னாடி இருந்தே.”

அவர் களைந்த அரிசியை அப்படியே வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து கத்தினார். “அடி பாவி மகளே, இதைச் சொல்றதுக்கா இம்புட்டு நாளு? உன்னைய நான் என்னென்ன பேச்சுப் பேசினேன். அதுவும் கேக்கலையா?”

“பாதி கேக்கல அத்தை.”

“அம்மட்டுக்கும் நல்லதாப் போச்சு” என்று சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் மணிக்கட்டிலிருந்த கயிற்றை அவரே அவிழ்த்தார்.

அடுத்த வாரம் மதுரைக்குப் போனோம். டாக்டர் ஒரு இரும்புக் கவையைத் தட்டிக் காதருகே பிடித்தார். ஒன்றுமில்லை. காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தார், மணியடித்ததுபோலக் கேட்டது. உள்ளே அரிசியைவிடச் சின்ன எலும்பு ஒன்று அசையாமல் இறுகிவிட்டதாம். பிள்ளைப்பேற்றின்போது சிலருக்கு இது வேகமாகுமாம். ஆபரேஷன் உண்டு, ஒரு சமயம் ஒரு காதுக்குத்தான். நூற்றில் ஒருவருக்கு அந்தக் காது முழுதாகவே போய்விடும் என்றும் சொன்னார்.

உன் மச்சான் பஸ்ஸில் திரும்பிவரும் வழியெல்லாம் யோசனை. கடைசியில் என் பக்கம் திரும்பி, உதடு தெரிய மெதுவாகச் சொன்னார். “இருக்கிற கொஞ்சமும் போயிருச்சுன்னா என்ன புள்ள பண்றது?”

“போனாப் போகுது. பாப்பா அம்மான்னு கூப்பிடப்போறா. அதைக் கேக்க முயற்சிகூடப் பண்ணலைன்னு நாளைக்கு நான் வருத்தப்பட்டுக்கிட்டு இருக்க மாட்டேன்” என்றேன். மறுநாளே உன் மச்சான் டாக்டருக்குப் போன் செய்துவிட்டார். ஏப்ரல் கடைசியில் தேதி வாங்கியிருக்கிறார்.

எனக்காக நீ ஆல்பத்தை நிறுத்தி வைக்காதே. பிப்ரவரி என்றுதானே ஹபீப் சொன்னார்?

அக்கா தேவசேனா


சென்னை,
19 ஏப்ரல் 2024

அன்பு அக்கா,

எல்லோரும் நலம்தானே? ஒன்பதும் பாடி முடித்தாயிற்று. மேகப் பாட்டுக்கு இரண்டாவது மெட்டுதான்.

நிறுத்தாதே என்று எழுதினாய். நிறுத்தியாயிற்று. பாட்டுகளை வெளியிட ஒத்துக்கொண்டவர்கள் மே மாதம் தரவில்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்றார்கள். பாருங்கள் என்றேன். ஹபீப் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் டீ வாங்கி வந்து, “சரி, அக்கா கேட்டுச் சொல்லட்டும். நம்மளே ரிலீஸ் பண்ணுவோம்” என்றான்.

இது இரக்கம் இல்லை அக்கா. ஒருவேளை ஆபரேஷன் பலிக்காவிட்டால் ஒன்பது பாட்டையும் கிட்டாரை உன் தாடையில் வைத்தே வாசித்துக் காட்டுவேன். எப்படியானாலும் நீ கேட்டாக வேண்டும். தைரியமாகப் போய் வா.

உன் நினைவாகவே
ஸ்வேதா


பழனி,
9 ஜூன் 2024

அன்புள்ள ஸ்வேதாவுக்கு,

அக்கா எழுதுவது. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆயிற்று. கொஞ்ச நாள் மலை ஏற வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் அம்மா வீட்டிலேயே இருக்கிறேன். போனில் பேசாமல் இதையும் எழுதுகிறாளே என்று பார்க்காதே. எழுதினால்தான் இடையில் நீ குறுக்கிடமாட்டாய்.

இடது காது திறந்துவிட்டது. முதலில் கேட்டது நர்ஸ் கத்தரிக்கோலைத் தட்டில் வைத்த சத்தம். தகரக் கூரையில் கல் விழுந்ததுபோல இருந்தது. ஒரு வாரம் எல்லாமே தகரம்தான். பிறகு ஒவ்வொன்றாகத் தன் குரலுக்குத் திரும்பிற்று.

பாப்பாவின் குரலை நான் மனதுக்குள் கீச்சென்று, மெல்லியதாக வைத்திருந்தேன். கட்டைக் குரல், ஸ்வேதா. பஸ் ஸ்டாண்டில் ஊர் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் மாதிரி. “ம்மா” என்று அவள் கத்தியதும் யாரோ ஆள் வந்திருக்கிறார்கள் என்று வாசலைத் திரும்பிப் பார்த்தேன். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு வேலுத்தாய் எட்டிப் பார்த்தாள்.

இனி உன் பாட்டு. நீ அனுப்பிய ஒன்பதையும் கேட்க ஐந்து நாள் எடுத்துக்கொண்டேன். எட்டுப் பாட்டு சரி. ஜீப் பாட்டின் ஓட்டம் நான் நினைத்து வைத்திருந்ததைவிட நன்றாக இருக்கிறது. மேகப் பாட்டில் நீ பாதியில் விடுகிற இடத்தில் எனக்கு மூச்சு நின்றது.

அப்பா பாட்டு சரியில்லை.

குரல் குறையில்லை, கம்பியும் குறையில்லை. நீ அதை அழுதுகொண்டு பாடியிருக்கிறாய். நம் அப்பா கடையில் நின்று அழுது யார் பார்த்தது? தைப்பூசக் கூட்டத்தில் ஒரு கையால் டப்பாவை எடுத்துக் கொடுத்துக்கொண்டே மறுகையால் நாலு பேருக்கு வழி காட்டுவார். “வெரசா ஏறுங்க, வெயில் வந்துரும்” என்பார். கால் ஒரு இடத்தில் நிற்காது. அந்த அவசரம் உன் மெட்டில் இல்லை. உன் பாட்டில் இருப்பது செத்துப்போன அப்பா, எனக்கு வேண்டியது கடையில் நின்ற அப்பா. பல்லவியை எடுத்துவிட்டு அவர் பேச்சின் வேகத்திலேயே தொடங்க வேண்டும். முதல் இரண்டு வரிக்கு மெட்டுப் போட்டுவிட்டேன். மூன்றாவது வரி மாட்டேன் என்கிறது. அதற்கு உன் சொல் வேண்டும்.

பதினெட்டாம் தேதி காலை பாப்பாவோடு சென்னையில் இறங்குகிறேன். டாக்டரிடம் கேட்டாயிற்று. அத்தையும் துணைக்கு வருகிறார். அந்த வாரம் அறையை வேறு யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று ஹபீபிடம் சொல்லிவை. நீ லேசில் ஒத்துக்கொள்ளமாட்டாய், தெரியும். அழவைக்கிற பாட்டைத்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள் என்று வாதாடுவாய். வாதாடு. சத்தமாகவே வாதாடு. என் இடது பக்கமாக நின்றுகொள், வலது பக்கம் நின்று கத்தினால் எனக்கு ஒன்றும் கேட்காது.

வந்து பார்க்கும்வரை
அக்கா தேவசேனா